இடுப்பளவுத் தண்ணீர்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு 'ஈ' என்று சொல்லிப் பார்த்ததுதான். தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்க்கும்போது டாக்டர் சொல்லச் சொல்லும் எழுத்து அது. இரண்டு வருடமாக என் நாள் அப்படித்தான் தொடங்கிக்கொண்டிருந்தது. வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தில் வீட்டில் யாருக்கும் கேட்காது. அன்று 'ஈ' பாதியில் உடைந்து வெறும் காற்றாகப் போயிற்று. மறுபடி சொன்னேன். வந்தது. குழாயை மூடிவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது.

வந்தவர் விவசாயச் சங்கத்துக்காரர். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "டீச்சர், உத்திராபதி அண்ணன் போயிட்டாருங்க" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. "திரும்ப வந்துடுச்சா?" என்று கேட்டேன். பத்து வருடத்துக்கு முன்னால் அவருடைய குரல்வளையை முழுவதுமாக எடுக்க வைத்த கட்டியைத்தான் அப்படிக் கேட்டேன். அதே வகைக் கட்டி என் குரல்வளையிலும் இருக்கிறது. ஒரு முறை செதுக்கி எடுத்து, மறுபடி வளர்ந்துவிட்டது. இனி முழுவதும் எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிப் பல மாதம் ஆகிறது. நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. எடுத்த பிறகும் ஒரு மனுஷர் பேசலாம், சிரிக்கலாம், சண்டை போடலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே அத்தாட்சி உத்திராபதி அண்ணன்தான்.

"அதெல்லாம் இல்லீங்க டீச்சர். வாய்க்கால்ல விழுந்துட்டாரு."

"வெள்ளமா?"

"வெள்ளம் ஏதுங்க. இப்பத்தானே தண்ணி விட்டிருக்கான். இடுப்பளவுதான்."

அவர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குள் வாங்க என்று அவரைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை.

சங்கம் கொண்டுவரும் இந்த நினைவு மலரைப் படிக்கும் தோழர்களில் பலர் அவரை என்னைவிட வெகுகாலம் அறிந்தவர்கள். அவரோடு சிறைக்குப் போனவர்கள் இருக்கிறீர்கள். நடவுக்கும் அறுப்புக்கும் அவர் பின்னால் நின்றவர்கள் இருக்கிறீர்கள். நான் பக்கத்தில் இருந்து அறிந்தது குரல்வளை போன பிறகான உத்திராபதியை மட்டும். ஆனால் அதில் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

மன்னார்குடியில் பஸ் மாறி நான் அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கீற்றுப் பந்தலுக்குக் கீழே அவரைக் கிடத்திச் செங்கொடி போர்த்தியிருந்தார்கள். கழுத்தைச் சுற்றிப் புதுச் சிவப்புத் துண்டு. அவர் மனைவி தனபாக்கியம் அக்கா கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்காவின் தம்பி கோவிந்தராசு, வருகிற ஒவ்வொருவரிடமும் நடந்ததை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து எனக்கும் சொன்னார்.

கோயில் நிலத்துக் குத்தகைக்காரர்களின் வயல் கடைமடையில் இருக்கிறது. புதுத் தண்ணீர் அங்கே ஏறவில்லை, மேலே யாரோ மதகுப் பலகையை இறக்கிவிட்டார்கள் என்று பேச்சு. அதைப் பார்த்துவிட்டு வர இருவரும் விடியற்காலம் கிளம்பியிருக்கிறார்கள். பனங்கட்டைப் பாலத்தில் உத்திராபதி அண்ணன் முன்னால் போனார். கட்டையில் பாசி. கால் வழுக்கிக் குப்புற விழுந்தார். கோவிந்தராசு கொஞ்சம் பின்தங்கி வந்துகொண்டிருந்தார்.

"விழுந்தத பாத்துட்டுச் சிரிச்சேன் டீச்சர்" என்றார். "வேட்டியெல்லாம் நனஞ்சிடுச்சேன்னு சிரிச்சேன். எந்திரிச்சு நம்மளத் திட்டுவாருன்னு பாத்தேன். எந்திரிக்கல."

பிறகு ஓடிப் போய்க் குதித்துத் தூக்கியிருக்கிறார். கரையில் போட்டு வயிற்றை அமுக்கியிருக்கிறார்.

"தொண்டைப் புண்ணு வழியா தண்ணி கொப்புளிச்சுது. புண்ணுக்குள்ள சேறு போயிடப் போகுதேன்னு துண்ட மடிச்சு இறுக்கிக் கட்டிட்டு, மூக்கப் புடிச்சிகிட்டு வாயில ஊதுனேன். ஊதிகிட்டே கெடந்தேன் டீச்சர். வயிறுதான் உப்புச்சே தவிர நெஞ்சு எந்திரிக்கவே இல்ல. நான் சரியாத்தானே செஞ்சேன்?"

நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டேன்.

தோழர்களே, உங்களுக்குத் தெரியாதது இதுதான். குரல்வளையை முழுவதும் எடுத்தவர்களுக்கு மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ மூச்சு கிடையாது. மூச்சுக்குழாயை முன்பக்கம் திருப்பிக் கழுத்துத் தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். உத்திராபதி அண்ணன் கழுத்தில் இருந்தது புண் இல்லை. அவருடைய மூக்கே அதுதான். வாய், சாப்பாட்டுக்கு மட்டும். வாயில் எவ்வளவு ஊதினாலும் காற்று வயிற்றுக்குத்தான் போகும். நம்மைப் போன்றவர்கள் குப்புற விழுந்தால் மூச்சை அடக்கிக்கொள்வோம், வாயை மூடிக்கொள்வோம். அவருக்கு மூடிக்கொள்ள எதுவும் இல்லை. வாய்க்கால் நேராக நெஞ்சுக்குள் போயிருக்கிறது. கோவிந்தராசு உயிரைக் கொடுத்து உழைத்திருக்கிறார். ஆனால் துண்டை இறுக்கிக் கட்டிய இடத்தில்தான் ஊதியிருக்க வேண்டும்.

அவரோடு இருபத்தைந்து வருடம் ஒன்றாகத் திரிந்த மைத்துனருக்கு இது ஏன் தெரியாமல் போயிற்று? பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் இதையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

உத்திராபதியின் குரலை நான் முதலில் கேட்டது ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது. என் அப்பா அரை வேலி, அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று மேல், நிலம் வைத்திருந்த சின்ன மிராசு. கழக ஆட்சி முதல் முறை வந்திருந்த காலம். கோட்டையில் ஆள் மாறியது. களத்தில் கூலி மாறவில்லை. அறுப்புக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டுவருவதும் உள்ளூர் ஆட்கள் மறிப்பதுமாக இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம் போட்டிருந்ததால் எங்களுக்கு மரத்தடியில் வகுப்பு. ஒரு சாயங்காலம் மாட்டு வண்டியில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருமுனையில் வந்து நின்றார்கள். அப்பாவின் பெயரைச் சொல்லி ஒரு குரல் கேட்டது: "உங்க வீட்டு மாடு கெறங்கிப் படுத்தா வைத்தியரக் கூப்பிடறீங்களே, எங்க வீட்டுப் புள்ள படுத்தா யாரக் கூப்பிடறது?"

அம்மா ஓடி ஓடி ஜன்னல்களைச் சாத்தினார். அப்பா ரேடியோவைப் பெரிதாக வைத்தார். அந்தக் குரல் ஓட்டு இடுக்கு வழியாக இறங்கி வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அந்த ஆள் கேட்டதற்கு அப்பா ஏன் பதில் சொல்லவில்லை என்றும் இருந்தது.

பிறகு ஆட்சிகள் மாறின. உச்சவரம்புச் சட்டம் வந்தது, நிலங்கள் பினாமி பெயருக்குப் போயின, குத்தகை வழக்குகள் வாய்தா வாய்தாவாக நடந்தன. அப்பா காலமானார். நான் படித்து, கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை ஆனேன். ஒரு நாள் வகுப்பில் 'ஒளிச்சேர்க்கை' என்று சொல்லும்போது குரல் கம்மியது. சளி என்று நினைத்தேன். மாதக்கணக்கில் சளி இருக்காது என்று பிறகு தெரிந்தது.

"குரல்வளைக் குருத்தெலும்புல வர்றது. ரொம்ப அபூர்வம்" என்றார் டாக்டர். "பீடி, சுருட்டு, வெத்தலை எதுவும் காரணம் இல்ல, அதனால உங்களையே நொந்துக்காதீங்க. மெதுவா வளரும். கதிர்வீச்சுக்கு அவ்வளவா மசியாது. கத்திதான் வழி. சுத்தமா எடுத்துட்டா வெகு காலம் இருக்கலாம்." அவருடைய அனுபவத்திலேயே எனக்கு முன்னால் ஒருவருக்குத்தான் இதைப் பார்த்திருக்கிறாராம். "உங்க பக்கத்துக்காரர்தான். வரச் சொல்லட்டுமா?"

முதல் அறுவை முடிந்து நான் வார்டில் படுத்திருந்தபோது அவர் வந்தார். கழுத்தில் துண்டு. ஒல்லியான உடம்பு, பெரிய கண்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, காற்றை ஒரு மிடறு விழுங்கி, அதை ஏப்பம் போல மேலே கொண்டுவந்து உதட்டில் வார்த்தையாக்கினார். தகரத்தில் நகம் கீறுவது போன்ற ஒரு குரல். எந்த ஊர், யார் மகள் என்று கேட்டார். அப்பா பெயரைத் தாளில் எழுதிக் காட்டினேன்.

அதைப் படித்துவிட்டு, "உங்க அப்பாவ மைக்குல வஞ்சவன் நான்தான்" என்றார். தோள் குலுங்கியது. சத்தமில்லாத சிரிப்பு அது. "இப்ப ரெண்டு பேருக்கும் மைக்கு ரிப்பேரு."

பேச முடியாமல் படுத்திருந்த நானும் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

அடுத்த முறை வந்தபோது நான் அவரை அய்யா என்று கூப்பிட்டேன். "அது உங்க அப்பாவுக்கு நாங்க வச்ச பேரு. எனக்கு வேணாம். தோழர்னு கூப்பிடுங்க" என்றார். தோழர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் அண்ணே என்பதில் சமாதானம் ஆயிற்று.

அந்த வார்டில்தான் அவர் துண்டை அவிழ்த்துக் காட்டினார். கழுத்துக் குழியில் பொத்தான் அளவுக்கு ஒரு துளை, சுற்றிலும் வழவழப்பான தோல். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேனோ என்று பார்த்துக்கொண்டே ஒரு கையால் மூக்கையும் இன்னொரு கையால் வாயையும் பொத்திக்கொண்டார். நான் பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். துளை மட்டும் ஏறி இறங்கியது. கையை எடுத்துவிட்டு, "மூக்க அறுத்தாலும் சாக மாட்டேன் டீச்சர்" என்றார்.

அவருடைய வேடிக்கைகள் எல்லாம் இந்த மாதிரிதான். மூக்கு வழியாகக் காற்று போகாததால் அவருக்கு வாசனை தெரியாது. "எவன் சாக்கடையக் கெளறுனாலும் எனக்கு நாறாது. அரசியலுக்குன்னே செஞ்ச ஒடம்பு" என்பார். டீயை ஊதிக் குடிக்க முடியாது, ஆறும்வரை காத்திருக்க வேண்டும். "சங்கத்துல முப்பது வருஷம் இருந்தும் பொறும வரல. டீ கத்துக் குடுத்துடுச்சு." அறுவைக்குப் பிறகு பல மாதம் ஊமையாக இருந்து, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தனியாகக் காற்றை விழுங்கி விழுங்கிப் பழகினாராம். முதலில் வந்த வார்த்தை, உழும்போது மாட்டை நிறுத்தச் சொல்லும் 'ஹோ'.

"மாடு நின்னுடுச்சு டீச்சர். பேசறேன்னு முதல்ல புரிஞ்சுகிட்டது அதுதான்."

தனபாக்கியம் அக்கா விடவில்லை. "பொழச்சு வந்த மனுசன் முதல்ல யாரக் கூப்பிட்டாரு பாருங்க. நான் அடுப்படியிலதான் நிக்கிறேன். மாட்டக் கூப்பிடறாரு."

"நீ நிக்கச் சொன்னா நிப்பியா?" என்றார் அண்ணன்.

வார்டில் நோயாளிகளான எங்களுக்கெல்லாம் கழுத்தைத் திறந்து காட்டியவர், தன் ஊரில் ஒரு நாளும் காட்டியதில்லை. இது எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் டீக்கடையில் ஒரு மிராசின் ஆள், "பண்ணைகளத் திட்டுன வாய்க்கு மாரியாத்தா பூட்டுப் போட்டுட்டா" என்று எல்லோரும் கேட்கச் சொன்னானாம். அன்று கட்டிய துண்டு. யார் கேட்டாலும் ஆபரேஷன் புண், இன்னும் ஆறவில்லை என்று சைகை. பத்து வருடம் ஆறாத புண் எது என்று யாரும் கேட்கவில்லை. ஆற்றில் இறங்கமாட்டார். வீட்டில் சொம்பால் மொண்டு தோளுக்குக் கீழேதான் குளியல். ஆடிப்பெருக்கன்று ஊரே தண்ணீரில் நிற்கும்போது இவர் கரையில் நிற்பார். கட்சிக்காரருக்குச் சாமி இல்லை, அதனால் இறங்கவில்லை என்று ஊர் நினைத்துக்கொண்டது. கதிரடிக்கும் களத்துப் பக்கம் போகமாட்டார். தூசி நேராக உள்ளே போய் இருமலைக் கிளப்பிவிடும். தலைவர் ஆனதும் களத்தில் நிற்கக் கௌரவம் பார்க்கிறார் என்று நம் ஆட்களே பேசினார்கள்.

"கேலிக்குப் பயந்தா மறைக்கறீங்க?" என்று ஒரு முறை கேட்டேன்.

சிரிக்காமல் பதில் சொன்னார். "கேலியா? அது வயித்துக்குள்ள போயிடும். டீச்சர், ஒரு பிடி மண்ணு போதும் எனக்கு. அருவா வேணாம், வெட்டு வேணாம். ராத்திரி ரெண்டு பேரு புடிச்சு ஒரு பிடி சேத்த அப்பினா முடிஞ்சுது. வாய்க்கால்ல விழுந்து செத்தான்னுடுவான். என் மூச்சு எங்க இருக்குன்னு எதிராளிக்குத் தெரியக் கூடாது."

"கோவிந்தராசுக்காவது சொல்லலாமில்ல?"

"அவனா? ரெண்டு கிளாஸ் போட்டான்னா ஊருக்கே சொல்லிடுவான். வீட்டுல அவளுக்குத் தெரியும். போதும்."

நிலத்துக்காக வெட்டும் குத்தும் நடந்த ஊரில் இருந்தவர் அவர். அந்தப் பயத்தை வீண் பயம் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. எதிரிக்குத் தெரியாமல் பூட்டிய பூட்டு தன் ஆட்களுக்கும் சேர்த்துத்தான் பூட்டும் என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கோயில் நிலத்துக் குத்தகை வழக்கில் அவர் சாட்சி சொன்ன நாளை நான் எழுதியே ஆக வேண்டும். அந்தக் குத்தகை எல்லாம் வாய்ப் பேச்சில் விட்ட குத்தகை, ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இன்னார்தான் உழுதார், இன்னார்தான் குத்தகை நெல் அளந்தார் என்று கண்ணால் பார்த்தவர் வந்து சொன்னால்தான் உண்டு. அண்ணன் அத்தனை வருடம் களத்தில் நின்றவர். தன் பேச்சு வழக்கை விசாரிக்கும் அதிகாரிக்குப் புரியாவிட்டால் எடுத்துச் சொல்ல என்னை வரச் சொல்லியிருந்தார். மிராசு மகள் குத்தகைக்காரர்கள் பக்கம் நிற்பதை எதிர்த்தரப்பில் சிலர் முறைத்துப் பார்த்தார்கள்.

அவர் முதல் வார்த்தை சொன்னதுமே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "சாட்சி பேசறது யாருக்கும் விளங்கல. எழுதிக் கொடுக்கட்டும்."

அண்ணன் ஒரு மிடறு விழுங்கினார். "எழுத்துல இல்லேன்னுதான் வாயில சொல்ல வந்திருக்கேன்."

எனக்கு விளங்கிவிட்டது. அதிகாரிக்கு விளங்கவில்லை. நான் எடுத்துச் சொல்ல எழுந்தேன். அண்ணன் கையை நீட்டி என்னை உட்காரச் சொன்னார். அதிகாரி மேலே சுழன்ற மின்விசிறியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அந்த ஃபேனை நிறுத்துப்பா" என்றார். சித்திரை மாதம். ஃபேன் நின்றதும் எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. யாரும் அசையவில்லை. ஒரு மிடறு காற்றுக்கு ஒரு பெயர் என்று அவர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, எந்த வயல், எந்த மடை என்று சொல்லி முடிக்கும்வரை அந்த அறையில் வேறு சத்தம் இல்லை. குமாஸ்தா மட்டும் தட்டச்சு செய்தார். அவரும் ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி நிறுத்தி.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "கத்துனப்ப எவனும் காது குடுக்கல டீச்சர். இப்ப ஃபேன நிறுத்தறான்."

அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் ஏறாமல் மதகுப் பலகை இறங்கியதும் அந்த வயல்களுக்குத்தான். அவரை யாரோ தள்ளிவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருப்பது எனக்குத் தெரியும். கோவிந்தராசு கண்ணால் பார்த்திருக்கிறார். யாரும் தள்ளவில்லை. கட்டையில் பாசி, அவ்வளவுதான். அப்படித் தள்ளியிருந்தால் ஒருவேளை நமக்குத் திட்டுவதற்கு ஆள் இருந்திருக்கும்.

கடைசியாக அவர் என் வீட்டுக்கு வந்தது தண்ணீர் திறப்பதற்குச் சில வாரம் முன்னால். அப்போதே எனக்குக் கல்லூரி மாடிப்படி ஏறினால் மூச்சு இரைந்தது. கட்டி மூச்சு வழியை நெருக்கிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். காபியை ஆறவைத்துக்கொண்டே அண்ணன் கேட்டார்.

"எப்ப டீச்சர் ஆஸ்பத்திரியில சேரப் போறீங்க?"

"பரீட்சை முடியட்டும்ணே."

"போன தடவ பொங்கல் முடியட்டும்னீங்க."

"குரல் இல்லாம பாடம் எப்படி நடத்தறது? எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான்."

"புள்ளைங்க ஃபேன நிறுத்திட்டுக் கேக்கும்." காபியை எடுத்து, இன்னும் சூடு என்று கீழே வைத்தார். "கத்தி வேணாம்னு சொல்ல உங்களுக்கு உரிம இருக்கு. சொல்லிட்டுப் போங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். தள்ளிப் போடாதீங்க. தள்ளிப் போட்டா முடிவ நீங்க எடுக்கல, கட்டி எடுக்குது."

எழுந்து போகும்போது, "நீங்க கண்ணு முழிக்கறப்ப நான் எதிர்ல உக்காந்திருப்பேன்" என்றார். அதைக் கேட்டுத்தான் நான் பாதி மனதுக்கு வந்திருந்தேன்.

அந்தப் பாதியும் அன்று பந்தலில் விழுந்துவிட்டது. கத்தியைத் தாண்டி, பத்து வருடம் கட்டியைத் தோற்கடித்து இருந்தவர், நம் ஊர்ப் பிள்ளைகள் குதித்து விளையாடும் தண்ணீரில் போய்விட்டார். என்னைப் பிழைக்க வைக்கப்போகும் துளை அவரைக் கொன்றிருக்கிறது. பல நாள் நான் தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தேன். காலையில் குழாயைத் திறந்து 'ஈ' சொல்வதையும் விட்டுவிட்டேன். குரல் இருக்கிறதா என்று பார்க்கும் ஆசைகூட இல்லை.

கருமாதிக்குப் பிறகு டாக்டரிடம் போனேன். தேதி குறிக்கப் போகவில்லை. கழுத்தில் ஊதியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்கப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். உள்ள எவ்வளவு தண்ணி போச்சுன்னு யாருக்குத் தெரியும்" என்றார். பிறகு, "கூட இருக்கிறவங்களுக்குச் சொல்லி வைங்கன்னு அவர்கிட்ட எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன்மா" என்றார்.

இதைக் கோவிந்தராசுவிடம் சொல்லாமல் எழுதக் கூடாது என்று நினைத்தேன். தனபாக்கியம் அக்காவிடம் கேட்டேன். "சொல்லிடுங்க டீச்சர். எனக்கு வாய் வரல" என்றார். கோவிந்தராசு வயலில் இருந்தார். வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதையும், இரண்டு பக்கமும் சேர்த்துச் சொன்னேன். அவர் கை தானாகப் போய்த் தன் கழுத்துக் குழியைத் தொட்டது. வெகு நேரம் அங்கேயே இருந்தது.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்களுக்கும் தெரியும்." மண்ணாங்கட்டி ஒன்றை எடுத்து நசுக்கினார். "லாக்கப்புல ஒரே போர்வையில கெடந்தோம் டீச்சர். எனக்குத் தெரியாது. நான் குடிகாரன்னுதானே சொல்லல?"

பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாம்" என்றேன்.

"சரியாத்தான் நெனச்சிருக்காரு மச்சான்" என்று சொல்லி, சத்தமில்லாமல் அழுதார். துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "மலர்ல எழுதப் போறேன்னீங்களே, எழுதுங்க. என் பேரப் போட்டே எழுதுங்க. வாயில ஊதுனவன் கோவிந்தராசுதான்னு போடுங்க. ஊரு என்ன வேணாலும் சொல்லிட்டுப் போகட்டும். எழுதாட்டி அடுத்தவனும் வாயிலதான் ஊதுவான்."

அவர் சொன்னபடி எழுதிவிட்டேன். அவர்மேல் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. தெரியாததைச் செய்யச் சொல்லி யாரும் யாரையும் கேட்க முடியாது.

உத்திராபதி அண்ணனிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று நினைத்துப் பார்க்கிறேன். சத்தமில்லாமல் தோள் குலுங்கும் அந்தச் சிரிப்பு. ஃபேன் நின்ற அறையில் ஒவ்வொன்றாக விழுந்த பெயர்கள். தள்ளிப் போடாதீர்கள் என்ற வார்த்தை. கொஞ்சம் கோபமும் மிஞ்சியிருக்கிறது. அவரிடம் இத்தனை நாள் நான் ஒரு முறைகூடக் கோபப்பட்டதில்லை. இப்போது படுகிறேன். ஒருவரை நம்பியிருக்கலாம் அண்ணே, குடித்தாலும் பரவாயில்லை என்று.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. என் கணவருக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நான் அறுவைக்கு ஆஸ்பத்திரியில் சேரப் போகிறேன். வருகிற திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவேன். கண் விழிக்கும்போது எதிரில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் போகிறேன். அண்ணனுக்கு மறைக்க எதிரிகள் இருந்தார்கள். எனக்கு இருப்பவர்கள் மாணவிகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும். தூசிக்காக ஒரு மெல்லிய துணி போட்டுக்கொள்வேன், மறைக்கமாட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் அது என்னவென்று கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். குரல் வரும்வரை விரலால் தொட்டுக் காட்டுவேன்: நான் விழுந்தால் இங்கே ஊதுங்கள்.